கும்பிடு பஸ்

எங்கள் பஸ் முதன்முதலாகக் கும்பிட்டது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை. மறுநாளே அவர் எங்கள் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கும்பிடு என்பது ஜனங்கள் வைத்த பெயர். கோப்பில் நான் எழுதியிருந்தது 'தானியங்கி முழங்கால் மடிப்பு வசதி'. அப்படி ஒரு பெயரை வைத்தால் ஜனங்கள் வேறு பெயர் தேடத்தான் செய்வார்கள். அந்த வசதிக்கு நிரல் எழுதிய பொறியாளர் நான்தான், அபிநயா. இந்தக் கதையில் நடந்த நல்லதிலும் கெட்டதிலும் பாதிக்குப் பாதி என் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கோயமுத்தூருக்கு அந்த வருஷம் இரண்டடுக்குத் தாழ்தளப் பேருந்துகள் ஆறு வந்தன. உக்கடத்தில் புறப்பட்டு, காந்திபுரம், கணபதி வழியாகச் சரவணம்பட்டி வரை ஓட வேண்டும். வாசலில் படிக்கட்டே கிடையாது, நேராக உள்ளே நடக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். நிறுத்தத்தில் நடைமேடை காலியாக இருந்தால் அது உண்மைதான். நம் ஊரில் நடைமேடையில் இளநீர்க் கடை இருக்கும், ஜனங்கள் ரோட்டில் நிற்பார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அந்தத் தாழ்தளம் ஒன்றேகால் அடி உயரத்தில் இருந்தது.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே உண்டு. வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மேல் காற்றுப் பைகள் இருக்கின்றன. காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டால் வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து தரையை நெருங்கும். மற்ற ஊர்களில் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துவார். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது எந்த டிரைவர் யார் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்? நான் பொத்தானை எடுத்துவிட்டு, வாசலுக்கு மேல் ஒரு கேமராக் கண்ணை வைத்தேன். வண்டியை நோக்கி வருகிறவரின் கடைசிப் பத்துக் காலடிகளை அது பார்க்கும். பாதம் எவ்வளவு உயர்கிறது, முழங்கால் மடிகிறதா, கை பிடிமானம் தேடுகிறதா என்று கவனிக்கும். இவரால் ஏற முடியாது என்று பட்டால் வண்டி தானாக இறங்கும். கீழ்த்தளத்தில் முன்னால் இருக்கிற எட்டு இருக்கைகளில் ஒன்றில் பச்சை விளக்கு எரிந்து, அது அவருக்கு என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்லும். மற்றவர்கள் மேல்தளத்துக்குப் படியேறிப் போகலாம். உதவி வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கிற நிலைமை வரக் கூடாது என்பதுதான் என் ஆசை.

தலைமையாசிரியர் டவுன்ஹால் நிறுத்தத்தில் ஏற வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, கையில் குடை. வண்டி 'புஸ்' என்று சாய்ந்தது, விளக்கு எரிந்தது, குரல் அழைத்தது. இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நாலு சுற்று நடக்கிற தன்னை இந்த வண்டி நொண்டி என்கிறதா என்று அவர் கண்டக்டரிடம் கேட்டார்.

கண்டக்டர் ஆறுச்சாமி யார் மனசும் நோகப் பேசத் தெரியாத மனிதர். எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்று சொல்வதற்கே நாலு 'ங்க' சேர்ப்போம். ஒரு பெரிய மனிதரிடம் உங்கள் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வார்?

"அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா. பெரியவங்களப் பாத்தா வண்டி கும்பிடுமுங்க. ஒரு மரியாதைங்க" என்றார் அவர்.

தலைமையாசிரியர் மலர்ந்து போய் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போனதும் மென்பொருள் வேலையில் இருக்கிற மருமகள் உண்மையைச் சொல்லிவிட்டாள், அதனால்தான் புகார் வந்தது. ஆனால் ஆறுச்சாமி சொன்னது அதற்குள் காந்திபுரம் தாண்டிப் போய்விட்டது.

நாங்கள் விளக்கத் துண்டறிக்கை அடித்து எல்லா நிறுத்தத்திலும் ஒட்டினோம். ஒருவரும் நம்பவில்லை. 'உங்கள் கால் சரியில்லை', 'உங்களுக்கு மரியாதை' என்று இரண்டு விளக்கம் இருந்தால் மனிதர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் கும்பிடு பஸ் என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்கே வழி புரிந்தது. கல்யாணத்துக்கு வந்த தாய்மாமன்களை வீட்டார் காரில் அழைத்துப் போகாமல் நிறுத்தத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவருக்கு வண்டி சாய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் சிரித்ததில் இரண்டு நாள் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி. கணபதியில் ஓர் ஆள் வண்டி சாய்கிற மாதிரி நடப்பது எப்படி என்று பூங்காவில் வகுப்பே எடுத்தான். நடிப்பைக் கண்டுபிடிப்பது என் நிரலுக்குச் சிரமமாக இல்லை. நடிக்கிறவர்கள் பாதி வழியில் எந்தக் கால் என்று மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கணபதி நிறுத்தத்தில்தான் ராசாமணியக்கா ஏறுவார். வயது ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடதுகால் சூம்பிவிட்டது. சரவணம்பட்டியில் ஒரு பேக்கரியில் பப்ஸுக்கு மாவு தேய்த்து மடிக்கிற வேலை. அண்ணன் மொபட்டில் கொண்டுபோய் விடுகிறவரை வேலைக்குப் போனார். அண்ணன் திருப்பூருக்குக் குடிபோனதும் வேலை நின்றுபோனது. பழைய பஸ்ஸின் படி அவருக்கு ரொம்ப உயரம், தட்டுத் தடுமாறி ஏறப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை எங்கள் வண்டிதான் மறுபடி பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதல் நாள் காலை ஐந்து ஐம்பதுக்கு வருகிற வண்டி அவர் முன்னால் சாய்ந்தபோது அவர் ஏறாமல் நின்று அழுதுகொண்டிருக்கிறார் என்று ஆறுச்சாமி எனக்குப் போன் செய்தார். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன்.

"இத்தன வருசமா பஸ்ஸுக்கு நாந்தானுங்க அம்மிணி கும்பிட்டுட்டு இருந்தேன். நில்லு சாமி, நில்லு சாமின்னு. இப்ப அது எனக்குக் கும்பிடுது" என்றார் ராசாமணியக்கா.

அது மரியாதை இல்லை, கணக்கு என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நானும் ஆறுச்சாமியும் ஒரே ஊர்க்காரர்கள்தானே.

பிரச்சினை கவுன்சிலர் குப்புராஜ் உருவத்தில் வந்தது. முப்பத்தெட்டு வயது, தினமும் உடற்பயிற்சிக் கூடம், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. ஒரு நாள் பத்து ஆட்களோடு நிறுத்தத்துக்கு வந்து நின்றார். வண்டி வந்தது, வாசல் திறந்தது, சாயவில்லை. அவருக்குப் பின்னால் கீரைக் கூடையோடு வந்த அம்மாவுக்குச் சாய்ந்தது. கவுன்சிலர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் படியேற வேண்டியதாயிற்று. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார். அதுவும் சாயவில்லை. மூன்றாவது வண்டியும் நிமிர்ந்தே நின்றதும், நேராக எங்கள் பொது மேலாளரிடம் போனார்.

பொது மேலாளர் தண்டபாணி சார் ஓய்வுபெறப் பத்து மாதம் இருந்தது. மிச்ச நாட்களைச் சண்டை இல்லாமல் கழித்துவிட வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு லட்சியம் கிடையாது. மூன்று நாள் போனில் திட்டு வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, ஒரே ஒரு பேரு. போட்டுட்டா என்ன கொறஞ்சு போகுது?"

"சார், வண்டிக்கு ஆளே தெரியாதுங்க. காலு மட்டுந்தான் தெரியும்."

"ஆளும் தெரியற மாதிரி பண்ணிப்போடுங்க. உங்களால ஆகாததா?"

பொறியாளர்களை ஒழிக்க இந்தக் கேள்வி ஒன்று போதும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் செய்து முடித்துவிட்டேன். சட்டைப் பையில் இருக்கிற செல்போனின் சமிக்ஞையை வண்டி பிடித்துக்கொள்ளும். அந்த எண் பட்டியலில் இருந்தால், கால் எப்படி இருந்தாலும் வண்டி சாயும். ஒரு விஷயத்தை மட்டும் சாரிடம் எச்சரித்தேன். சாய்ந்த வண்டி எழுந்து நிற்கக் காற்று வேண்டும். தொட்டியில் இருக்கிற காற்று ஒரு நடைக்கு முப்பது முறைக்குத்தான் வரும். அதற்கு மேல் போனால் பிரேக்குக்கு வேண்டிய காற்றைக் காப்பாற்ற வண்டி சாய்வதையே நிறுத்திக்கொள்ளும். ஒரு பேர்தானே என்றார் சார்.

ஒரு பேர் ஒரு வாரம் இருந்தது. கவுன்சிலருக்குச் சாய்ந்த வண்டி எதிர்க்கட்சிக் கவுன்சிலருக்குச் சாயாமல் இருக்கலாமா? அவர்கள் இரண்டு பேருக்கும் சாய்ந்தால் சங்கத் தலைவர்களுக்கு? அவர்களுக்குப் பிறகு டாக்டர்கள், மில் முதலாளிகள், முதலாளிகளின் சம்பந்திகள். பட்டியலுக்கு 'மரியாதைப் பட்டியல்' என்று சார் பெயர் வைத்தார். இரண்டே மாதத்தில் அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் ஜென்மத்தில் பஸ் ஏறாதவர்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு நிறுத்தத்துக்கு வருவார்கள், வண்டி சாயும், போட்டோ எடுத்துக்கொண்டு காருக்கே திரும்பிப் போவார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பேரையும் நான்தான் ஏற்றினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலை முகூர்த்தம். உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை மண்டபத்துக்கு மண்டபம் பட்டியல் ஆட்கள் வந்து நின்றார்கள். கணபதி வரும்போது காற்றுத் தொட்டி அடிக்கோட்டைத் தொட்டுவிட்டது. ராசாமணியக்கா முன்னால் வண்டி நின்றது, சாயவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஆறுச்சாமி மேல்தளத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் என்றார்கள். அக்கா கைப்பிடியை எட்டிப் பிடித்து ஏறப் பார்த்து, மல்லாக்க விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் காற்றுத் தொட்டி பற்றி விளக்கம் தயார் செய்துகொண்டே போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் என்னை முந்திக்கொண்டார்.

"அம்மிணி, நான் ஏதாவது தப்புப் பண்ணீட்டனுங்களா? முந்தின நாளு எண்ணெய்ப் பையை அந்தப் பச்சை லைட்டு சீட்டு மேல வெச்சுட்டேனுங்க. வண்டிக்கு அதுல கோவமோ என்னமோ."

தயார் செய்த விளக்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கண், கால், காற்று, பட்டியல், நானூற்றுப் பன்னிரண்டு பேர், எதையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அது என்னையக் கும்பிடவே இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா. உங்க காலப் பாத்து எறங்குது. அவ்வளவுதானுங்க."

அவர் போர்வையை விலக்கித் தன் இடதுகாலைப் பார்த்தார்.

"அதே பெரிய விசயமுங்க. என்ற காலப் பாத்த எல்லாரும் மொகத்தத் திருப்பிக்குவாங்க. அது ஒண்ணுதான் பாத்துட்டு எறங்கி வந்துச்சு" என்றார். பிறகு தன் கவலைக்கு வந்தார். பேக்கரி முதலாளி ஒரு மாதம்தான் இடம் வைத்திருப்பார். "கை ஆறீரும். வண்டி இனி எறங்குமுங்களா, எறங்காதுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க."

இறங்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மத்தியானமே பட்டியலை அழித்தேன். பட்டியல் போனது யாருக்கும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து ஆறு வண்டிகளையும் விழாவுக்கு வர்ணம் பூச நிறுத்திவிட்டார்கள்.

அந்த விழாதான் அடுத்த தலைவலி. போக்குவரத்து அமைச்சர் சென்னியப்பன் வந்து ஊருக்கு இன்னும் நாற்பது இரண்டடுக்கு வண்டிகளை அறிவிக்கப் போகிறார். மேடையிலிருந்து இறங்கி வண்டியில் ஏறி, மேல்தளத்து முன் ஜன்னலிலிருந்து கையசைக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரல். தண்டபாணி சார் அவருடைய செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார்.

"லிஸ்ட்டுல மொதப் பேரா போட்டிருங்க அம்மிணி. அண்ணனுக்கு வண்டி கும்பிடலீன்னா நாப்பது வண்டியும் போச்சு, இந்த ஆறும் போச்சு. என்ற ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு மாலை கூட வராது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆயிரம் பேர் பார்க்க வண்டி அமைச்சர் முன்னால் விறைத்துக்கொண்டு நின்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், ராசாமணியக்கா மறுபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான். அமைச்சர் பேரைப் போட்டாலோ பட்டியல் உயிரோடு இருக்கும், விழா முடிந்த அன்றே நானூறு பேரும் திரும்பி வருவார்கள், அக்கா மறுபடி விழுவார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நான் எடுத்த முடிவைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை 'உங்களால ஆகாததா' என்ற பேச்சுக்கு விழுந்தாகிவிட்டது, மறுபடி விழக் கூடாது என்கிற வீம்பு, அவ்வளவுதான். எண் எழுதிய சீட்டு என் பையிலேயே கிடந்தது.

வ.உ.சி. மைதானத்தில் காலை பத்து மணிக்கு விழா. பயனாளி என்ற பேரில் ராசாமணியக்காவை வரவழைத்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அமைச்சர் அறுபது வயதிலும் ஆறடிக்கு நிமிர்ந்து நிற்கிறவர். மேடையிலிருந்து இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் வண்டியை நோக்கி நடந்தார். குப்புராஜ் உட்பட கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள். நான் வண்டிக்குள் நின்று கையிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது காலடி, எட்டாவது காலடி.

புஸ் என்றது. வண்டி சாய்ந்தது.

மேளம் காதைப் பிளந்தது. தண்டபாணி சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, பேரைப் போட்டதற்கு நன்றி என்று கண் கலங்கினார். நான் மறுபடி திரையைப் பார்த்தேன். திரையில் வண்டி தான் சாய்ந்ததற்குக் காரணம் எழுதியிருந்தது. வலது பாதம் தரையில் உரசுகிறது. வலது கை வீசவில்லை. அடிகள் குறுகிக்கொண்டே வருகின்றன. ஏற இயலாது, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

முதல் இருக்கையில் பச்சை விளக்கு எரிந்து, குரல் அமைச்சரை அழைத்தது. மேலே போகலாம் என்று கட்சிக்காரர்கள் படியைக் காட்டினார்கள். வண்டி சொன்னால் கேட்க வேண்டாமா என்று சிரித்துக்கொண்டே அவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவருடைய எளிமையைப் புகழ்ந்துகொண்டு மேல்தளத்துக்கு ஏறினார்கள். அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

அடுத்து ராசாமணியக்கா. வண்டி அவருக்கும் அதே போலச் சாய்ந்தது. தொண்டர்கள் இருவர் குறுக்கே கையை நீட்டினார்கள். அமைச்சர் அவர்களை விலகச் சொல்லி, அக்காவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். விளக்கம் சொல்வதற்காக நான் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி மைதானத்தைச் சுற்றப் புறப்பட்டது. அமைச்சர் ஜன்னல் வழியாக இடது கையை அசைத்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எத்தன நாளா இழுக்குது?"

அமைச்சரின் கை நிற்கவில்லை. சிரிப்பும் மாறவில்லை. "என்னதுங்கம்மா?"

"காலுங்க. வலதுகாலு."

வண்டி கால் சுற்று போகிறவரை அவர் கையசைத்துக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"எட்டு மாசமாச்சுங்க."

"ஊட்டுல தெரியுமுங்களா?"

"டாக்டருக்கு மட்டுந்தானுங்க. வெளிய தெரிஞ்சா அடுத்த வாரமே எனக்கு ஓய்வு குடுத்துருவாங்க."

"மொதல்ல தொடையத் தூக்கிக்கோங்க. அப்பறம் பாதத்த வெய்ங்க. பாதத்த நம்பாதீங்க" என்றார் அக்கா. காய்கறிக் கடையில் பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

அமைச்சர் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, என்ற பேர லிஸ்ட்டுல போட்டீங்களா?"

போட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். அவருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்தில் மாவுக்கட்டு தெரிந்தது.

"இல்லீங்க சார். இப்ப லிஸ்ட்டே இல்லீங்க. லிஸ்ட்டாலதான் இந்தக்கா உளுந்தாங்க, அதான் போன வாரமே அழிச்சுட்டேனுங்க."

"அப்ப இது பாத்துத்தான் எறங்கியிருக்குது."

"ஆமாங்க."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருங்க. அப்பறம் வண்டி."

அவர் உண்மையாகவே சிரித்தார். மேல்தளத்துக்குப் பதினோரு படி என்று போன வாரமே ஆள் விட்டு எண்ணி வைத்திருந்தாராம். மூன்றாவது படியில் விழுந்திருப்பேன், அத்தனை கேமராவும் பார்த்திருக்கும் என்றார். பிறகு, கையசைப்பதை நிறுத்தாமலே, முப்பது வருஷ அரசியலை இரண்டு நிமிடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

"யாரு கேட்டாலும் லிஸ்ட்டு இருக்குதுன்னே சொல்லுங்க அம்மிணி. அதுல என்ற பேரு இருக்குதுன்னு சொல்லுங்க. வேற ஒருத்தரு பேரும் ஏறக் கூடாதுன்னு நான் உத்தரவு போட்டுட்டேன்னு சொல்லுங்க."

"இல்லாத லிஸ்ட்டுக்கு உத்தரவுங்களா சார்?"

"இல்லாத லிஸ்ட்டுலதான அம்மிணி யாரும் பேரு சேக்க முடியாது."

பத்து நாளில் உத்தரவு வந்துவிட்டது. மரியாதைப் பட்டியலில் மாண்புமிகு அமைச்சர் அவர்களைத் தவிர எவர் பெயரும் இடம்பெறலாகாது என்று கையெழுத்து, முத்திரையோடு. அண்ணனுக்கு மட்டும் உரிய மரியாதையைப் பங்கு கேட்கிற தைரியம் யாருக்கு வரும்? நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சத்தமில்லாமல் காருக்குத் திரும்பினார்கள். தண்டபாணி சார் அந்த உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்கு மேல் மாட்டிக்கொண்டார். நாற்பது புது வண்டிகளும் வந்து சேர்ந்தன.

ஒன்றை மட்டும் அமைச்சரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பட்டியலில் அமைச்சர் ஒருவர்தான் என்றால், வண்டி இன்னும் சிலருக்குச் சாய்கிறதே, அவர்கள் யார் என்று ஊர் யோசித்தது. அண்ணனுக்கு வேண்டியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தானே முடிவும் கட்டிக்கொண்டது. கீரைக்கார அம்மாவின் கூடையைப் போலீஸ்காரர் தூக்கி வைக்கிறார். தடி ஊன்றி வருகிறவர்களுக்கு நிறுத்தத்தில் நாற்காலி போடுகிறார்கள். அமைச்சரின் ஆள் என்று பொய்யாகக் காட்டிக்கொள்ளப் பயந்து, நொண்டுகிற மாதிரி நடிக்கிறவர்களும் ஒழிந்தார்கள். நல்ல காரியம் ஒன்று ஒரு பொய்யின் தோளில் ஏறி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. மாதம் இரண்டு பேராவது பட்டியல் பற்றிக் கேட்கிறார்கள், இருக்கிறது என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுப் பிரித்து ராசாமணியக்கா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், நானும் விடிகாலையில் கணபதி நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். வண்டி வந்தது, அவர் முன்னால் சாய்ந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற வழியில் நின்ற குப்புராஜ் கூட்டத்தை ஒதுக்கி வழி விட்டார். இரண்டு கையையும் கூப்பி, அமைச்சர் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அக்காவிடம் பணிவாக விசாரித்தார்.

"நல்லாருக்காருங்க. நேத்துக்கூடப் பேசினாரு" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறிப் போய்ப் பச்சை விளக்கின் கீழ் உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் ஒருத்தி பொய் சொல்வது போதாதா, நீங்களுமா என்று காதோரம் கேட்டேன்.

"பொய்யில்லீங்க அம்மிணி. வாரா வாரம் கூப்படறாரு. எந்தப் படியில எந்தக் கால மொதல்ல வெக்கறது, எங்க புடிக்கறது, எல்லாம் கேப்பாரு. சில நாளு ஒண்ணுமே கேக்க மாட்டாரு, சும்மா பேசீட்டு வெச்சுருவாரு." அக்கா சேலைத் தலைப்பால் ஜன்னல் கம்பியிலிருந்த பனியைத் துடைத்தார். "பாவமுங்க, அவருக்கும் வேற யாரு இருக்கறாங்க, சொல்லுங்க."